எட்டாவது சீலை

போன ஞாயிற்றுக்கிழமை காய்கறிப் பையோடு எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் நுழைகிறேன், கார் நிறுத்துகிற இடத்தில் பொங்கல் விழா ஒத்திகை. கூரைக் கொக்கியிலிருந்து பளபளவென்று எட்டு நைலான் கயிறுகள் தொங்குகின்றன. பின்னல் கோலாட்டமாம். ஏழு பெண்கள் நின்றார்கள். ஒரு கயிறு மட்டும் ஆளில்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. "ஆன்ட்டி, ஒரு ஆளு குறையுது. நீங்க வந்து புடிச்சுக்கங்களேன்" என்றாள் மூன்றாம் மாடிப் பெண். கையிலிருந்த பை நழுவி, தக்காளிகள் உருண்டு ஒரு காரின் அடியில் போய் ஒளிந்துகொண்டன. முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்துவிட்டேன். முழங்காலில் ஒரு வலியும் இல்லை. உங்களிடம் சொல்வதற்கென்ன, வலி வேறு இடத்தில்.

நைலான் கயிற்றுக்கு வாசனை கிடையாது. எங்கள் கயிறுகளுக்கு இருந்தது. அடுப்புப் புகை, விளக்கெண்ணெய், வேர்வை, எல்லாம் கலந்த அம்மா வாசனை. ஏற்காட்டில், வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அப்பா ரைட்டர், கணக்கெழுதுகிறவர். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் கோலாட்டக் கயிறு வாங்க வழி இல்லாததால், ஆளுக்கொரு பழைய சீலையை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார் சரோஜா டீச்சர். முறுக்கிக் கயிறாக்கி, முற்றத்துப் பலாமரக் கிளையில் கட்டினோம். நான் கொண்டுபோனது அம்மா கரித்துணியாக்க வைத்திருந்தது. பொன்னி கொண்டுவந்தது அப்படியில்லை. தோட்டக் கூலிகளுக்கான லைன் வீட்டில் குடியிருந்த பொன்னியின் அம்மாவுக்கு மொத்தமே மூன்று சீலை. அதில் நல்லதான கத்தரிப்பூ நிறச் சீலையை என் கண் முன்னால்தான் எடுத்துக் கொடுத்தார். "கிழிக்கப்படாது சாமி. முறுக்கி மட்டும் கட்டோணும். ஆட்டம் முடிஞ்சதும் பிரிச்சுக் கொண்டாந்துரோணும்."

பிரிப்பதுதான் அந்த ஆட்டத்தின் அழகே. ஆடிக்கொண்டே எட்டுக் கயிறையும் ஜடையாகப் பின்னுவோம். டீச்சர் விசில் ஊதியதும் எட்டுப் பேரும் திரும்பி, வந்த வழியே ஆடினால் பின்னல் தானாக அவிழும். ஒருத்தி பிசகினாலும் போச்சு.

எல்சாக்கா வந்தது அந்த வருடம்தான். டென்மார்க்கிலிருந்து சேவை செய்ய வந்த இருபத்திரண்டு வயசுப் பெண். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு நகம் வெட்டிவிடுவார், இங்கிலீஷ் சொல்லித்தருவார். தமிழை எங்களிடம் கற்றுக்கொண்டதால் எங்கள் ஊர்ப் பேச்சே வந்தது. "நொம்பக் குளுருதுங்க" என்பார். யாருக்கு 'ங்க' போடுவது என்ற கணக்கு மட்டும் பிடிபடவில்லை. தெருநாயைக்கூட "ஏனுங்க, தள்ளிப் போங்க" என்று மரியாதையாகத்தான் விரட்டுவார். நாய்களும் மரியாதையாகத்தான் போயின.

காப்பிப் பழம் எடுக்கிற மாதத்தில் பிள்ளைகள் பாதிப் பேர் அம்மாக்களோடு தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஒத்திகைக்கு ஆள் குறையும்போதெல்லாம் எல்சாக்கா உள்ளே நின்றார். அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவள் பொன்னி. எங்களில் ஒருபோதும் பிசகாதவள் அவள்தான். "உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணுங்க்கா. காலப் பாக்காதீங்க, கவுறப் பாருங்க." அவ்வளவு உயரமானவர் எங்கள் கைகளுக்கு அடியில் குனிந்து குனிந்து நுழைவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அவர் கோலால் என் விரல் முட்டியில் வாங்கிய அடிகளுக்குக் கணக்கில்லை. ஆனாலும் அவர் எதிரே ஆட எல்லாருக்கும் ஆசை. எனக்கு வெறி என்றே சொல்லலாம்.

தோட்டத்து முதலாளி பழம் எடுக்கும் சமயத்தில்தான் மலைக்கு வருவார் என்பதால் ஆண்டு விழாவும் அப்போதுதான். விழா அன்று காலையில் பொன்னி தோட்டத்துக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டு வாசலில் நின்றாள். இடுப்பில் பழக்கூடை. "அம்மாவுக்கு மேலுக்கு முடியல புள்ள. பழம் அளந்து போட்டதும் ஓடியாந்துர்றேன். டீச்சருகிட்டச் சொல்லிப்போடு." தலையாட்டினேன்.

மூன்று மணிக்கு டீச்சர் எண்ணிப் பார்த்தார். ஏழு பேர். "பொன்னி வர்றதா இருந்தா நம்ம ஆட்டத்தக் கடைசியா வச்சுக்கலாம். யாருகிட்டயாச்சும் சொல்லி அனுப்புனாளா?"

பொன்னியின் இடம் எனக்கு நேர் எதிர். அவள் இல்லையென்றால் அங்கே நிற்கப்போவது யார் என்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. மறந்துபோனேன் என்று பிற்பாடு எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை. எல்சாக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து கத்தரிப்பூ நிறக் கயிற்றைப் பிடித்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

பனிமூட்டம் இறங்கத் தொடங்கியிருந்தது. பாட்டு ஏறியது, கோல்கள் சத்தமிட்டன. எல்சாக்கா ஓரடி பிசகாமல் ஆடினார். பின்னல் கிளையிலிருந்து எங்கள் தலைக்கு மேல்வரை இறங்கியிருந்தபோது, வாசல் பக்கம் பனிக்குள் ஒரு உருவம் ஓடி வந்து நின்றது. தலையில் கனகாம்பரம். விரல்களில் பழச்சாற்றுக் கறை. மூச்சு வாங்க, தன் அம்மாவின் சீலை யார் கையில் இருக்கிறது என்று பார்த்தாள் பொன்னி. பிறகு என்னைப் பார்த்தாள்.

விசில் ஊதியது எனக்குக் கேட்கவில்லை. எல்லாரும் திரும்ப, நான் மட்டும் முன்னே போனேன். என்மேல் மோதாமலிருக்க எல்சாக்கா விலக, அவர் கயிறு என்னுடையதைச் சுற்றி, அடுத்தவள் அதற்குள் புகுந்து, நாலே அடியில் எல்லாம் முடிச்சாகிவிட்டது. கூட்டம் சிரித்தது. வெள்ளைக்காரம்மாவுக்கு ஆட்டம் வரவில்லை என்று பேசிக்கொண்டார்கள். எல்சாக்கா கை கூப்பி, "தப்பு என்னுதுங்க, மன்னிச்சுப்போடுங்க" என்றார். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. வாசலைப் பார்த்தேன். பனி மட்டும் இருந்தது.

இரண்டு வாரத்தில் எல்சாக்கா ஊருக்குப் புறப்பட்டார். அதற்கு மறுநாள் பொன்னி பள்ளிக்கூடத்துக்கு வந்தாள், பையில்லாமல். "நாங்க குடகுக்குப் போறம். அம்மா சீலையக் கேக்குது." கிளையை அண்ணாந்து பார்த்தாள். டீச்சர் குச்சியால் நெம்பிப் பார்த்துத் தோற்றுப்போன பின்னல் மழையில் நனைந்து இறுகிக் கிடந்தது.

"அறுத்துத் தரச் சொல்லட்டுமா?" என்றேன்.

"அறுக்கப்படாது." கொஞ்ச நேரம் கண்ணாலேயே அந்த முடிச்சுக்குள் புகுந்து வந்தாள். "அக்கா தப்புப் பண்ணல. நீதாம் புள்ள திரும்பல. எட்டுப் பேரு இருந்தா இப்பவும் பிரிச்சுப்போடலாம்."

மணி அடித்தது. நான் வகுப்புக்குள் ஓடிவிட்டேன். நான் ஏன் டீச்சரிடம் சொல்லவில்லை என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன், இத்தனை வருடம் சுமந்திருக்க மாட்டேன்.

அந்தக் கோடையில் டென்மார்க்கிலிருந்து பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது. தான் போட்ட முடிச்சைப் பிரித்தாயிற்றா, சீலையெல்லாம் அம்மாக்களிடம் போய்ச் சேர்ந்ததா என்று எல்சாக்கா கேட்டிருந்தார். பதிலை அப்பாதான் எழுதினார், எல்லாம் நலம் என்று.

நான் எட்டாவது முடித்து மலையிறங்கும்வரை அந்தப் பின்னல் அங்கேயே தொங்கியது. மழையும் வெயிலும் பட்டு எட்டு நிறமும் ஒரே சாம்பல் நிறமாகி, கத்தரிப்பூ நிறம் எதுவென்று எனக்கே தெரியாமல் போனது. போன வருடம் போய்ப் பார்த்தேன். பள்ளிக்கூடம் இல்லை, பலாமரம் இல்லை, லைன் வீடுகள் இருந்த சரிவில் ஏதோ விடுதிக்குச் சுற்றுச்சுவர் எழுப்பியிருக்கிறார்கள். பொன்னி குடகில் எந்தத் தோட்டத்துக்குப் போனாள் என்று சொல்ல ஒரு ஆள்கூட அங்கே மிச்சமில்லை.

நேற்றும் கீழே ஒத்திகை. எட்டாவது கயிறு அப்படியே தொங்கியது. "ஆன்ட்டி, இன்னிக்காவது வாங்க" என்றாள் மூன்றாம் மாடிப் பெண்.

"வர்றேன்னு யாரும் சொல்லி அனுப்பலையா? எல்லாரையும் நல்லாக் கேளும்மா" என்றேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாரும் சொல்லலையே ஆன்ட்டி."

கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பாட்டு ஆரம்பித்தது. காலையும் பார்க்கவில்லை, கயிற்றையும் பார்க்கவில்லை. என் கண் வாசலிலேயே இருந்தது.