இடம் மாறிய வலி

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். கூட வேலை செய்கிறவர்களுக்குச் சுளுக்கு என்றால் என்னிடம்தான் வருவார்கள். விளக்கெண்ணெய் தடவி நீவி, இழுத்துவிடுவேன். நாலு பேர் நடுவில் பேசத் தெரியாத எனக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது அந்தக் கைதான்.

ராயபுரத்தில் ஹவுசிங் போர்டு வீடு, மூன்றாம் மாடி. என் மகளுக்கு அப்போது எட்டு வயது. ஒரு மழைக்காலத்தில் அவளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். மூன்றாம் நாள் விளையாடப் போய்விட்டாள். இரண்டு வாரம் கழித்து, முழங்கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துகொண்டாள். வீங்கிச் சூடாக இருந்தது. படியில் குதித்திருப்பாள் என்று நினைத்து எண்ணெய் தடவி நீவினேன். அழுதாள், நான் விடவில்லை. மறுநாள் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது. இன்னொரு காலில் கணுக்கால் வீங்கியது.

"நீ தொரத்துற நைனா, அது ஓடிக்கினே கீது" என்றாள்.

பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். "உங்க நைனா கைக்கு பயந்துகினு ஓடுதுடி."

எனக்குப் பெருமையாக இருந்தது. கணுக்காலை நீவினேன், வலி மணிக்கட்டுக்குப் போனது.

"டாக்டராண்ட இட்டுகினு போலாம்யா" என்றாள் மனைவி.

"வலி கொறஞ்சிகினு கீது. வுடு" என்றேன்.

வலி வந்த பதினோராம் நாள் மாடி ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டரம்மா அவள் நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார். "வலி மூட்டு மூட்டா மாறிச்சா? எத்தனை நாளா?"

"ரெண்டு நாளா" என்றேன். மனைவி என்னைப் பார்த்தாள்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். தொண்டைப் புண்ணைச் சரியாகக் கவனிக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்குப் பிறகு வாதக் காய்ச்சல் என்று ஒன்று வருமாம். மூட்டு வலி தானாகவே இடம் மாறும், தானாகவே போகும். "மூட்டுல தங்காதுப்பா. இதயத்துல வால்வைத்தான் கெடுக்கும்." என் மகளுக்கு அது கெட்டிருந்தது.

வலியைத் துரத்தியது என் கை இல்லை.

அதன் பிறகு, அந்தக் காய்ச்சல் திரும்ப வராமல் இருக்க, மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. போட்ட இடம் எரியும். நொண்டிக்கொண்டே வெளியே வந்து, "நைனா, தேச்சு வுடு" என்பாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். மனைவிதான் தேய்ப்பாள். "எம்மேல கோவமா நைனா?" என்று ஒரு தடவை கேட்டாள். நான் ஊசிச் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

ஆனால் கெட்ட வால்வு கெட்டதுதான். பத்து வயது முடியும் முன்பே போய்விட்டாள்.

இப்போதும் யாராவது பிள்ளையின் காலைக் காட்ட வந்தால், முன்பு தொண்டை வலித்ததா என்று மட்டும் கேட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். தொடுவதில்லை.

முதல் நாளே வந்திருந்தால் வால்வு கெட்டிருக்காதா என்று டாக்டரம்மாவிடம் கேட்க, ஒவ்வொரு ஊசி நாளும் நினைத்தேன். கேட்டால் உண்மையான நாளைச் சொல்ல வேண்டும். கேட்காமலே திரும்பினேன்.

ரெண்டு நாள் இல்லை, டாக்டரம்மா. பதினோரு நாள்.

14 செப்டம்பர் 2008, ஞாயிறு