தேயிலை டின்

காலை ஆறு இருபது. கட்டுநாயக்க விமான நிலைய வாசலில், நாங்கள் வந்த வாடகை வானின் கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது, அண்ணனின் கறுப்புக் காற்சட்டையில் படிந்திருந்த சாம்பல்.

அது அப்பாவின் அஸ்தி. அவர் கண்டி மாநகர சபையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர். அவருடைய பாட்டன் இராமேஸ்வரத்தில் கடலில் முழுகிவிட்டுத்தான் இந்தப் பக்கம் வந்தாராம். அப்பா ஒருமுறையும் அங்கே போனதில்லை. தன்னை அங்கேதான் கரைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொன்னார்.

அஸ்திப் பானையைக் கீழே வைக்கக் கூடாது என்பதால், அண்ணன் அதைக் கண்டியிலிருந்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பிலிமத்தலாவையில் ஒரு பஸ் குறுக்கே வர, சாரதி பிரேக் அடித்தார். பானை முன்சீற்றில் இடித்தது. மஞ்சள் துணி சுற்றியிருந்ததால் விரிசல் யாருக்கும் தெரியவில்லை.

வாசலுக்கு வெளியே, பயணிகளுக்கான சிறிய கடை ஒன்று திறந்திருந்தது. கழுத்துத் தலையணை, பெட்டிப் பூட்டு, பற்தூரிகை, சார்ஜர். அண்ணன் ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தலை எடுத்தார்.

"குடிக்கிற போத்தல்ல ஒங்கப்பாவ போடாத," என்றார் அம்மா. "வாயும் குறுகலா இருக்கு."

அகன்ற வாயும் மூடியுமாக அந்தக் கடையில் மிஞ்சியது தேயிலை டின். கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் போட்டது. பரிசுக்கா, ரிப்பன் கட்டித் தரவா என்று கடைப்பெண் சிங்களத்தில் கேட்டாள். அப்பாவுக்கு, ரிப்பன் வேண்டாம் என்றார் அண்ணன்.

வானுக்குள் உட்கார்ந்து தேயிலையைப் பொலித்தீன் பையொன்றில் கொட்டினேன். டின்னைத் துடைத்து அஸ்தியை மாற்றினோம். அண்ணன் காற்சட்டையைத் தட்டப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, படிந்திருந்ததை விரலால் வழித்து டின்னுக்குள் போட்டார்.

"இங்க ஒரு பொட்டும் விழக்கூடாது. முழுசா போய்ச் சேரணும்."

அண்ணன் மட்டும் விமானம் ஏறினார். மறுநாள் காலை இராமேஸ்வரத்திலிருந்து போனில் பேசினார். ஐயர் வந்தார், நல்லபடியாகக் கரைத்தாயிற்று என்றார். அஸ்தி சுமந்த பாத்திரத்தை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவருவதில்லை. அதையும் கடலில் விட்டுவிட வேண்டும். மண்பானை என்றால் தண்ணீர் புகுந்து அமிழ்ந்துவிடும். அம்மா அதைத்தான் கேட்டார்.

"டின்ன என்னடா செஞ்ச?"

"கடல்ல விட்டேம்மா. மூணு தரம் விட்டேன்."

மூன்று தரமும் அலை அதைக் கரைக்கே கொண்டுவந்தது.