நேராகப் போவதற்குக் கை கிடையாது

திண்டிவனத்தில் ஒரு தனியார் பஸ்ஸை என் சித்தி பின்னால் போக வைத்த கதையை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அம்மா சொல்லும்போது பஸ் பத்தடி பின்னால் போகும். மாமா சொல்லும்போது அது பாண்டிச்சேரிக்கே திரும்பிப் போய்விடும். அன்றைக்குச் சித்தி ஓட்டிய சைக்கிளின் கேரியரில் உட்கார்ந்திருந்தவள் நான். நடந்ததை நடந்தபடி சொல்லும் உரிமை எனக்குத்தான் உண்டு, ஆனால் இத்தனை வருஷமாக வாயைத் திறக்காமல் இருந்தவளும் நான்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு ஒன்பது வயது. அப்பா வெளியூர் வேலையில் இருந்ததால் அம்மாவும் நானும் கிளியனூருக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் மாமா வீட்டில் இருந்தோம். அவர் அம்மாவுக்கு அண்ணன். சித்தி அவர்கள் இருவருக்கும் தங்கை, கல்யாணம் ஆகாதவள். திண்டிவனத்தில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். பார்த்தாள் என்பதைவிட நின்றாள் என்பதே சரி, ஏனென்றால் அங்கே விற்கிற பெண்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. காலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் நாளெல்லாம் நிற்பதற்குப் பதில், போகிற முக்கால் மணி நேரமாவது உட்கார்ந்து போகிறேன் என்று சம்பளத்தில் ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கினாள்.

மாமாவுக்கு அது பிடிக்கவே இல்லை. சைக்கிளால் ஒரே ஒரு வம்பு வந்தாலும் அன்றோடு வேலைக்குப் போவது நின்றுவிடும், சைக்கிளை மோட்டார் கொட்டகையில் பூட்டிவிடுவேன் என்று சொல்லித்தான் விட்டார். அதற்கென்று ஒரு சங்கிலியும் வாங்கி வாசல் ஆணியில் மாட்டி வைத்திருந்தார். தினமும் காலையில் சித்தி அந்தச் சங்கிலியைப் பார்த்துக்கொண்டே பெடலை மிதிப்பாள். என் பள்ளிக்கூடமும் திண்டிவனத்தில்தான் என்பதால் கேரியர் எனக்கு.

அந்த சைக்கிளின் ஹேண்டில் எப்போதும் ஒரு பக்கம் இழுக்கும். ஒரு கையை எடுத்தால் வண்டி கோணிக்கொண்டு போகும். அதனால் திருப்பங்களில் கை காட்டுவது என் உத்தியோகம். பள்ளிக்கூடத்துக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். நான் வலது கையை நீட்டியதும் பின்னால் வரும் லாரிகூட மெதுவாகும். ஒன்பது வயதில் ஒரு லாரியை அடக்குவது என்றால் சும்மாவா? கை நீட்டினால் நிற்பார்கள் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே சாலை விதி.

நேரான ரோட்டில் அந்த உத்தியோகம் இல்லாததால் எனக்குப் போரடிக்கும். அப்போது சித்தியின் தலைக்குப் பின்னால் இரண்டு விரலை நீட்டிக் கொம்பு வைப்பேன். அவள் திரும்பவே மாட்டாள். “கொம்பு வெக்காதடி” என்பாள். நாக்கைத் துருத்தினால் கண்டுபிடிக்க மாட்டாள், கொம்பை மட்டும் எப்படியோ கண்டுபிடித்துவிடுவாள். சித்திக்கு முதுகில் ஒரு கண் இருக்கிறது, ஆனால் அதற்குப் பார்வை கொஞ்சம் மட்டம் என்று நான் முடிவு கட்டியிருந்தேன்.

திண்டிவனத்துக்குள் நுழைந்ததும் ஒரு முக்கு வரும். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற பஸ்ஸெல்லாம் அங்கே இடது பக்கம் ஒடிக்கும். நாங்கள் நேராகப் போக வேண்டும். அந்த முக்கில் யாரும் எழுதி வைக்காத ஒரு சட்டம் இருந்தது. பஸ் பின்னாலிருந்து வந்து சைக்கிளைத் தாண்டும், கிளீனர் படியில் தொங்கிக்கொண்டு தகரத்தைப் படபடவென்று தட்டுவான். உடனே சைக்கிள்காரர்களெல்லாம் இறங்கி ஓரமாக நிற்பார்கள். பால்காரர், வாத்தியார், கேன் கட்டிக்கொண்டு போகிறவர், எல்லோரும். பஸ் திரும்பி முடித்த பிறகு மறுபடி ஏறி மிதிப்பார்கள். தகரத்தைத் தட்டிவிட்டால் ரோடு பஸ்ஸுக்குச் சொந்தம்.

சித்தி மட்டும் இறங்க மாட்டாள். நேராகப் போகிறவள் எதற்கு இறங்க வேண்டும் என்பது அவள் கேள்வி. பலமுறை பஸ் டிரைவர்கள் பிரேக் போட்டுத் திட்டியிருக்கிறார்கள். அவள் மணியை ஒருமுறை அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

அன்றைக்கும் அப்படித்தான். வெயில் முதுகில் உறைத்தது. பின்னால் பஸ் உறுமுவது கேட்டது, திரும்பிப் பார்த்தேன். வழக்கத்தைவிட வேகமாக வந்தது. நாங்கள் நேராகப் போகிறோம் என்று அந்த டிரைவருக்கு யாராவது சொல்ல வேண்டாமா? வலது பக்கம் திரும்ப ஒரு கை இருக்கிறது, இடது பக்கம் திரும்ப ஒரு கை இருக்கிறது, நேராகப் போகிறவர்களுக்கு ஒரு கையும் கிடையாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கை நீட்டினால் நிற்பார்கள் என்பதுதான். வலது பக்கம் பஸ் நெருங்கிக்கொண்டிருந்ததால் பயத்தில் இடது கையை நன்றாக நீட்டினேன்.

பஸ் எங்களைத் தாண்டியது, உடனே ஒடித்தது. அதன் விலா ஹேண்டிலில் பட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஓரத்து மணலில் விழுந்தோம். எனக்கு முழங்கை சிராய்ந்தது, அவளுக்கு உள்ளங்கை கிழிந்தது. சைக்கிள்தான் பஸ்ஸுக்கு அடியில் சொருகிக்கொண்டது. பஸ் குலுங்கி நின்றபோது முன்சக்கரம் வளைந்து எட்டுப் போட்டிருந்தது.

சித்தி முதலில் என் கை காலைத் தடவிப் பார்த்தாள். பிறகு சைக்கிளை இழுத்து எடுத்தாள். கூட்டம் சேர்வதற்குள் அதைத் தூக்கிக்கொண்டு போய், பாதி திரும்பி நின்ற பஸ்ஸின் மூக்குக்கு நேராகப் படுக்க வைத்தாள். பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

டிரைவர் இறங்கி வந்தார். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். “கைய காட்டிட்டு நேரா வந்தா நான் இன்னாம்மா பண்றது? நீயும் லெப்ட்ல போறன்னுதானே ஒடிச்சேன்” என்றார்.

கை என்றால் நிற்பார்கள் என்று நினைத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று அந்த நொடியில்தான் உறைத்தது. மாமாவின் சங்கிலி கண்முன் ஆடியது. சித்தியின் சைக்கிள், வேலை, எல்லாம் என் இடது கையால் போகப்போகிறது.

சித்தி சொன்னாள்: “ஓட்டினவ நானு. என் ரெண்டு கையும் ஹேண்டில்லதான் இருந்துது.”

டீக்கடையிலிருந்து போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து சேர்ந்தார். டிரைவர் என்னைக் காட்டி, பின்னால் இருந்த குழந்தைதான் காட்டியது என்றார். காவலர் குனிந்து, பாப்பா, நீ கை காட்டினியா என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

“அவள இன்னா கேக்கறீங்க? என்னைக் கேளுங்க” என்று சித்தி குறுக்கே வந்து நின்றாள். அவள் புடவையைத் தவிர எனக்கு எதுவும் தெரியவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. என்னை ஒரு ஆளாகவே மதிக்கவில்லை, பேசவிட மாட்டேன் என்கிறாள் என்று நினைத்தேன். கூடவே, தப்பித்தோம் என்றும் இருந்தது.

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். நேரமாவுது, ஜல்தி எடுங்க, காலங்காத்தால இன்னா பேஜாரு என்றார்கள். ஒரு பெரியவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, பொம்பளைக்கு இவ்வளவு திமிர் ஆகாது என்றார். அந்த மனிதரை இன்றைக்குப் பார்த்தாலும் இரண்டு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன். சக்கரத்தை நானே சரிபண்ணித் தருகிறேன், சைக்கிளை எடும்மா என்று டிரைவர் தணிந்து பேசினார். சித்தி அசையவில்லை.

“சக்கரத்த நான் பாத்துக்கறேன். நான் நேரா போறேன், நீங்க திரும்புறீங்க. யாரு நிக்கணும், அத மட்டும் சொல்லுங்க.”

டிரைவர் காவலரைப் பார்த்தார். காவலர் கூட்டத்தைப் பார்த்தார். கேன்காரர் ஒருவர், சைக்கிளைப் பிடித்தபடி, நேரா போறவங்கதான் மொதல்ல போவணும் என்று யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னார். தினமும் தகரச் சத்தத்துக்கு இறங்கி நிற்கிறவர் அவர். பிறகு இன்னொருவரும் அதையே கொஞ்சம் சத்தமாகச் சொன்னார்.

“பின்னால எடுங்க” என்றாள் சித்தி. “நான் போன பிற்பாடு திரும்புங்க.”

காவலர் பெருமூச்சு விட்டார். கண்டக்டர் இறங்கி, பின்னால் நின்ற மாட்டு வண்டியையும் வேனையும் நகர்த்தச் சொல்லி விசில் அடித்தார். பஸ் பின்னால் போனது. பத்தடி இருக்காது, ஐந்தடிதான் இருக்கும். சித்தி சைக்கிளின் முன்சக்கரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, அந்த முக்கை நேராகக் கடந்தாள். ஓடவில்லை, அவசரப்படவும் இல்லை. கிளீனர் தகரத்தைத் தட்டவே இல்லை.

பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இருந்திருக்கிறார். நாங்கள் வீடு சேர்வதற்குள் செய்தி போய்விட்டது. மாமா மல்லாட்டை மூட்டைமேல் உட்கார்ந்து கடலையை உரித்துக்கொண்டிருந்தார். சித்தியின் கட்டுப் போட்ட கையையும், கடையில் விட்டுச் சரிபண்ணிய சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் சங்கிலியைப் பார்த்தேன்.

“பஸ்ஸயே பின்னால போவ வெச்சியாமே?” என்றார். சித்தி ஆமாம் என்றாள். அவர் எழுந்து சாப்பிடப் போய்விட்டார். அந்தச் சங்கிலியில் பிறகு ஒரு கன்றுக்குட்டியைக் கட்டினார்கள்.

மறுநாள் காலை கிளம்பும்போது சித்தி என்னிடம், இனிமேல் நீ என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார், கை நானே காட்டிக்கொள்கிறேன் என்றாள். ஹேண்டிலையும் சரிபண்ணிவிட்டாள் போல, அதனால்தான் என் உத்தியோகம் போனது என்று நினைத்தேன். ஆனால் ஹேண்டில் முன்போலவே இழுத்தது. ஒரு கையை எடுக்கும்போதெல்லாம் வண்டி கோணிக்கொண்டு போனது. நான் கேட்கவில்லை, கேட்டால் என் குட்டு வெளிப்படும் என்று பயம்.

பல வருஷம் கழித்து நானும் ஸ்கூட்டர் வாங்கி, என் மகளைப் பின்னால் உட்கார வைத்து ஒரு காலை அதே ரோட்டில் திண்டிவனம் போனேன். வெயில் முதுகில் உறைத்தது. “கொம்பு வெக்காதடி” என்றேன். எப்படிம்மா கண்டுபிடிச்ச என்று அவள் கேட்டாள். எனக்கு முன்னால் ரோட்டில் என் நிழல் நீளமாக ஓடிக்கொண்டிருந்தது, அதன் தலையில் இரண்டு கொம்பு இருந்தது.

அந்த முக்கில் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கை நீட்டியது தப்புதான், நீட்டியது நான்தான். அதற்காக முன்னால் போகிறவர்களைத் தாண்டி வந்து குறுக்கே ஒடிப்பது சரியாகிவிடாது என்று இன்றைக்கும் யாரிடமும் சண்டை போடுவேன். ஆனால் சித்தி அன்றைக்குச் சண்டை போட்டது அது மட்டும் தெரிந்ததால் அல்ல. இடது பக்கம் நீண்ட என் சின்னக் கையின் நிழலும் அவள் முன்சக்கரத்துக்கு முன்னால் இப்படித்தான் விழுந்திருக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் எனக்குக் குறுக்கே வந்து நின்றிருக்கிறாள்.