பத்து இலட்சத்து மூன்றை வகுத்தவள்

குருநகர் யசிந்தாவுக்கு வாய் அடங்காது என்பது ஊரறிந்த சங்கதி. பங்குச் சுவாமியாரின் பிரசங்கத்தில் வந்த கணக்குப் பிழையையே கோயில் வாசலில் வைத்துச் சொன்னவள். அப்படிப்பட்டவள் நல்லூரில் ஒரு ரியூசன் நிலையத்தில் பத்தொன்பது வருடம் விடைத்தாள் திருத்திக்கொண்டு பேசாமல் இருந்ததுதான் அதிசயம். கம்பஸ் அனுமதி மயிரிழையில் தவறிப்போனவளுக்கு அந்த வேலையை விட்டால் வேறு கதியில்லை.

அங்கே படிப்பிக்கும் ஜெயரூபன் சேரின் கணித நோட்ஸ் வேதவாக்கு. பிள்ளைகள் கமா பிசகாமல் பாடமாக்குவார்கள். அதில் ஒரு வரி: "1000003 முதன்மை எண் போலத் தோன்றும், ஆனால் அல்ல." எதால் வகுபடும் என்று சேர் எழுதவில்லை, ஒருவரும் கேட்கவுமில்லை. யசிந்தாவும் வருடக்கணக்காக அதற்குச் சரி போட்டாள். நினைத்தால் அவளுக்கு வெட்கமாக இருக்கும்.

இந்தத் தவணைச் சோதனையில் லவீனா என்ற பெட்டை மட்டும் மாற்றி எழுதியிருந்தாள்: "முதன்மை எண். நான் வகுத்த எல்லாவற்றிலும் மிச்சம் வருகிறது."

பிழை போட யசிந்தாவுக்குக் கை வரவில்லை. மூன்று பின்னேரம் குந்தியிருந்து வகுத்தாள். ஆயிரத்துக்குள் நூற்று அறுபத்தெட்டு முதன்மை எண்கள். அவற்றில் ஒன்றாலும் வகுபடாவிட்டால் போதும். இரண்டு காரணிகளும் ஆயிரத்தைத் தாண்டினால் பெருக்கம் இந்த எண்ணையே தாண்டிவிடும். ஏழால் வகுத்தாள், மிச்சம் நாலு. பதினொன்றுக்கும் நாலு, பதின்மூன்றுக்கும் நாலு. எண் தனக்குப் பழிப்புக் காட்டுகிறதோ என்று கோபம் வந்தது. விடவில்லை. கடைசியாக 997, மிச்சம் பன்னிரண்டு.

அடுத்த நாள் தாள்கட்டோடு வகுப்புக்குள்ளேயே போய் நின்றாள்.

"சேர், லவீனா எழுதினது சரி. உங்கடை நோட்ஸ் பிழை."

எண்பது தலைகள் நிமிர்ந்தன. சேரின் முகம் கறுத்தது.

"பதினைஞ்சு வருசமாப் படிப்பிக்கிறன். நீர் எனக்குக் கணக்குச் சொல்லித் தாறீரோ?"

"முதன்மை எண் எண்டு காட்ட எனக்கு நூற்று அறுபத்தெட்டு வகுத்தல் வேணும். செய்துபோட்டு வந்திருக்கிறன். இல்லையெண்டு காட்ட உங்களுக்கு ஒரேயொரு எண் காணும். அதைச் சொல்லுங்கோ."

"முப்பத்தேழு!" என்றார் சேர், வாய்க்கு வந்தபடி.

"மிச்சம் நாலு."

"பதினேழு?"

"பன்னிரண்டு."

சேர் மேசையில் அடித்தார். "பிழை போடும். இல்லாட்டிப் பேனையை வைச்சிட்டு வெளியிலை போம்."

வேலை போகப்போகிறது என்று யசிந்தாவுக்குத் தெரிந்தது. லவீனாவின் தாளை எடுத்து, எல்லாரும் பார்க்கப் பெரிதாகச் சரி போட்டாள். கீழே தன் பெயரையும் எழுதினாள்.

"வேணுமெண்டால் நீங்கள் வெட்டுங்கோ சேர். ஆனால் வகுக்க ஏலாது."

பேனையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்து சைக்கிளை எடுத்தாள். உள்ளே லவீனாவின் குரல் கேட்டது.

"சேர், எந்த எண்ணாலை வகுபடும்?"

சேர் அவளை இருக்கச் சொல்லி அதட்டினார். பின்வரிசை வாங்கிலிருந்து வேறொரு குரல் அதையே கேட்டது. பிறகு இன்னொன்று.