கீழ் வீட்டுக்குக் கேட்காத கிரைண்டர்

எதிலும் மூக்கை நுழைத்துப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது. அந்தக் குணத்தை வைத்துத்தான் பிழைப்பே நடக்கிறது. மிக்ஸி, கிரைண்டர், குக்கர் பற்றி எழுதும் வெப்சைட் ஒன்றை நடத்துகிறேன். படிப்பவர்கள் அதிலுள்ள இணைப்பைத் தொட்டு ஆன்லைன் கடையில் வாங்கினால் எனக்குக் கமிஷன் வரும். பம்ப் கம்பெனி ஆபீஸ் வேலையை விட்டு இதை ஆரம்பித்தபோது, கோயமுத்தூரில் உட்கார்ந்துகொண்டு கிரைண்டரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று வீட்டில் சிரித்தார்கள்.

சிரித்ததில் நியாயம் இருந்தது. கம்பெனி கொடுக்கும் நாலு வரி விவரத்தையே எல்லா சைட்டும் போட்டிருக்கும். எங்கே போனாலும் அதே சக்தி வாய்ந்த மோட்டார், அதே உறுதியான கல். ஒரே மாதிரிப் பக்கங்கள் ஏராளமாக இருந்தால், தேடுபொறி ஒன்றை மேலே வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் மூலையில் தள்ளிவிடும். அதனால் நான் பொருளை வாங்கி, உளுந்து போட்டு அரைத்துப் பார்த்தே எழுதினேன்.

உக்கடம் பக்கம் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். கீழ் வீட்டில் ஒரு தம்பதி. அந்தப் பெண் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள். அவள் வீட்டுக்காரர் மில்லில் நைட் ஷிப்ட் முடித்து, காலையில்தான் வந்து படுப்பார். புது டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றின் சத்தத்தைச் சோதிக்க இதைவிட நல்ல வீடு கிடைக்குமா? ஒரு வாரம் காலை நேரமாகப் பார்த்து அரைத்துவிட்டு, கீழே இறங்கி அவளிடம் கேட்டேன்.

"சத்தம் தொந்தரவா இருந்துச்சா கண்ணு?"

"அய்யோ, ஒண்ணும் இல்லீங்கக்கா. கிரைண்டர் ஓடுனதே தெரியலீங்க."

நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர் இருக்கும் கீழ் வீட்டுக்கே சத்தம் கேட்கவில்லை என்று அப்படியே எழுதினேன். அந்தப் பக்கம் கிடுகிடுவென்று முதலிடத்துக்கு ஏறியது. வீட்டு வாடகையை அந்த ஒரு பக்கமே பார்த்துக்கொண்டது. கிரைண்டரை என் தங்கைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போனேன்.

பிறகு ஒரு நாள் தேடினால் வேறொரு சைட் மேலே நிற்கிறது. உள்ளே போனால் என் வரிகள், என் எழுத்துப்பிழை உட்பட. அதற்குக் கீழே இன்னொன்று, அதற்கும் கீழே இன்னொன்று. எல்லாவற்றிலும் நைட் ஷிப்ட் முடித்த ஒருவர் நிம்மதியாகத் தூங்குகிறார். என்னுடைய பக்கம் எங்கோ பின்னால் கிடந்தது. ஆத்திரமாக வந்தது. ஆனால் அதைவிட ஒரு கேள்விதான் என்னைக் குடைந்தது. முதலில் எழுதியது யார் என்று அந்தத் தேடுபொறிக்கு எப்படித் தெரியும்? தேதியைப் பார்க்குமா, பெரிய சைட் சொன்னால் நம்பிவிடுமா? விதவிதமாகத் தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை. புகார் கொடுத்தேன், பதில் இல்லை. கமிஷன் தேய்ந்துகொண்டே வந்தது. அந்தப் பக்கம் மறுபடி ஏறாவிட்டால் பம்ப் கம்பெனிக்கே போன் போட்டு வேலை கேட்க வேண்டியதுதான் என்ற நிலைமை.

அப்படியொரு சாயங்காலம் கீழ் வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே மேலே வந்தாள். கொடுமுடியில் இருக்கும் அவளுடைய நாத்தனார் ஏதோ ஒரு சைட்டைப் படித்துவிட்டு கிரைண்டர் வாங்கினாளாம். அது போடும் சத்தத்தில் கைக்குழந்தை தூங்குவதே இல்லையாம்.

"கீழ் ஊட்டுக்குக் கேக்கவே இல்லைன்னு அதுல போட்டிருக்குதாமுங்க. அந்தக் கீழ் ஊட்டுக்காரி செவிடாட்ட இருக்குதுன்னு எங்க நாத்தனா திட்டுறாங்க."

"அது நீதான் கண்ணு," என்றேன்.

என் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். படிக்கப் படிக்க அவள் முகம் சுருங்கியது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"இதுக்குத்தான் கேட்டீங்கன்னு தெரியாதுங்கக்கா. மேல் ஊட்டுக்காரங்க எறங்கி வந்து கேட்டா, மூஞ்சிக்கு நேரா தொந்தரவுதான்னு எப்படிங்க சொல்றது?"

எனக்கல்லவா இது தெரிந்திருக்க வேண்டும். நானும் இந்த ஊர்க்காரிதான். விருந்தில் உப்பில்லாத ரசத்தைக் குடித்துவிட்டு, அருமைங்க என்று சொல்லிவிட்டு வருகிறவள்தான். யாரிடமும் இல்லாத வரி என்று நான் பெருமைப்பட்டது, இங்கே எல்லோரும் எல்லோரிடமும் சொல்லுகிற வரி.

"அப்புறம் அவர் எப்படித்தான் தூங்கினாரு?" என்று கேட்டேன்.

"அவுங்க அண்ணன் ஊட்டுக்குப் போய்ப் படுத்துக்குவாருங்க. ஒண்ணும் சிரமமில்லீங்க."

அவள் எதிரிலேயே லேப்டாப்பைத் திறந்து அந்தப் பத்தியை அழித்தேன். சத்தம் கீழ் வீடு வரை கேட்கும், பகலில் தூங்குகிறவர் இருந்தால் சாயங்காலம் அரையுங்கள், எங்கள் கீழ் வீட்டுக்காரர் அந்த வாரம் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்த் தூங்கினார் என்று அடித்தேன். சத்தம் போடும் கிரைண்டரை யார் வாங்குவார்கள், மிச்சமிருக்கும் கமிஷனும் போய்விடுமே என்று எனக்குப் பயம்தான். ஆனாலும் அந்தக் கொடுமுடிக் குழந்தையை நினைத்தால் மனசு கேட்கவில்லை. படித்துப் பார் என்று லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினேன்.

நிதானமாகப் படித்தாள். "நல்லா இருக்குதுங்கக்கா," என்றாள்.

மாற்றியதை வெளியிடும் பட்டனை நான் அழுத்தவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டினாள், பிரித்தாள்.

"அண்ணன் ஊடுன்னு சொன்னது பொய்யிங்கக்கா. அவுங்களுக்குள்ள பேச்சுவார்த்தையே இல்லீங்க. அந்த வாரம் பூரா உக்கடம் பஸ் ஸ்டாண்டுலதானுங்க படுத்திருந்தாரு. உங்ககிட்டச் சொல்லக்கூடாதுன்னு அவருதான் சொல்லிப்போட்டாரு."