பந்திக்கு நடுவே ஒரு புத்தக வெளியீடு

செல்போனில் இன்கமிங் ஃப்ரீ ஆன புதுசு. எங்கள் செட்டில் எல்லோர் கையிலும் செங்கல் சைஸில் ஒரு போன் இருந்தது. நான் எம்.சி.ஏ. முடித்துவிட்டு, வேலை தேடுவதாக வீட்டில் சொல்லிக்கொண்டு, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நண்பனின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து நாவல் டைப் செய்துகொண்டிருந்தேன். வாடிக்கையாளர் வந்தால் எழுந்து இடம் விட வேண்டும். போனதும் மறுபடி உட்கார்ந்துகொள்ளலாம். அப்படி எழுந்து எழுந்து உட்கார்ந்து எழுதிய நாவல் அது.

கதை சிம்பிள். நிலக்கோட்டைப் பக்கம் ஒரு பெண். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போகிறான். அவன் விட்டுப்போன லோடு வேனை அவளே ஓட்டப் பழகி, மல்லிகையும் சம்பங்கியும் ஏற்றிக்கொண்டு திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்கு வந்து போகிறாள். பிழைப்பு நிமிர்ந்து வருகிற நேரத்தில் புருஷன் திரும்பி வந்து, “சாவியக் குடு” என்று கையை நீட்டுகிறான்.

மதுரையில் ஒரு சின்னப் பதிப்பகம் இதைப் போட ஒப்புக்கொண்டது. “விழாவ உங்க ஊர்லயே வச்சுக்கங்க தம்பி, புக்க மட்டும் பார்சல்ல போட்டு விட்டுர்றோம்” என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. ஹால் பிடித்தேன். அழைப்பிதழ் அடித்தேன். தாடையில் கை வைத்த மாதிரி என் போட்டோ போட்டு ஃப்ளெக்ஸ் அடித்தேன். தேதியையும் நானே முடிவு செய்தேன், ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அம்மா காலண்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: “அன்னைக்குப் பெரிய முகூர்த்தம்டா. ஊர்ல ஒருத்தருக்கு மூணு கல்யாணம் இருக்கும். எவன் வருவான்?”

“கல்யாணத்துக்கு வர்ற கூட்டம் வேற, இலக்கியத்துக்கு வர்ற கூட்டம் வேறம்மா.”

“அப்படியா. அந்தக் கூட்டம் எந்த ஊர்ல இருக்குது?”

முகூர்த்தம் பார்த்துப் புத்தகம் வெளியிட்டால் நானெல்லாம் என்ன எழுத்தாளன் என்ற பந்தா. அம்மா, அப்பாவே அன்றைக்குச் சேவுகம்பட்டியில் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு, முடிந்ததும் வருவதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்கள்.

ஹால் ஒரு முதல் மாடி. நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெரிய கல்யாண மண்டபம். வாழை மரம், நாதஸ்வரம், வண்டிகள் என்று திருவிழா மாதிரி இருந்தது. எங்கள் பக்கம் மாடியில் வரிசை வரிசையாகப் பிளாஸ்டிக் சேர், சுற்றுகிற ஃபேன்கள், ஜிகினாப் பேப்பரில் சுற்றி ரிப்பன் கட்டிய புத்தகங்கள், நான், பிரவுசிங் சென்டர் நண்பன், மைக் செட்காரர். முடிந்தது. முதல் பிரதியைப் பெற்றுக்கொள்வதாக அழைப்பிதழில் பெயர் போட்டிருந்த வாசகர் வட்டத் தலைவருக்கு போன் போட்டேன். அவர் நத்தத்தில் ஒரு கல்யாணத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பின்னணியில் “சாம்பார், சாம்பார்” என்று கேட்டது.

சிறப்பு விருந்தினர் மதுரையில் இருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். சிறுகதை எழுதுகிற அக்கா, அங்கே ஒரு காலேஜில் பாடம் எடுக்கிறவர். ஹாலுக்குள் வந்து ஒரு சுற்றுப் பார்த்தார்.

“ஏம்ப்பா, ஒவ்வொரு சேர் மேலயும் ஒரு புக்க வச்சுரலாமா? பாக்க நெறஞ்ச மாதிரி இருக்கும்.”

சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னார். என்னால் முடியவில்லை. ஊரைப் பற்றி எழுதியிருக்கிறேன், ஊரில் ஒருத்தர்கூட வரவில்லை. காலிச் சேர்களுக்கு முன்னால் அந்த ரிப்பனை வெட்டிவிட்டால் அதற்குப் பிறகு நான் எழுத உட்காரவே மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. பெங்களூரில் ஏதாவது ஒரு கம்பெனி, ஒரு சேர், ஒரு கம்ப்யூட்டர், அத்தோடு கதை முடிந்தது. “டீ சொல்லிட்டு வாரேங்க்கா” என்று கீழே இறங்கி ரோட்டில் நின்றேன். டீக்கடைப் பக்கம்கூடப் போகவில்லை.

எதிர் மண்டப வாசலில் ஒரே தள்ளுமுள்ளு. பட்டு வேட்டி வியர்வையில் நனைந்து காலோடு ஒட்டியிருக்க, தோளில் துண்டோடு ஒருவர் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தார். பார்த்த உடனே சொல்லிவிடலாம், பெண்ணைப் பெற்றவர். அவர் ரோட்டைக் கடந்து நேராக என்னிடம் வந்தார்.

“தம்பி, மேல என்ன விசேஷம்?”

“புத்தக வெளியீடுங்க. நான் எழுதுன நாவல்.”

“ஆளுக வந்துட்டாகளா?”

“வந்துக்கிட்டு இருக்காங்க.” கெத்தை விடவில்லை.

அவர் அண்ணாந்து ஜன்னலைப் பார்த்தார். ஒரு தலைகூடத் தெரியவில்லை. “ஃபேன் மட்டும் வந்திருக்கு போலயே” என்றார்.

ஆனால் அவர் கேலி பண்ணுகிற நிலைமையில் இல்லை. “மாப்ள வீட்டுக்காரக கீரனூர்ல இருந்து, சொன்னதுக்கு மேல ஒரு பஸ்ஸு ஆளக் கொண்டாந்து எறக்கிட்டாக. மண்டபத்துல நிக்க எடமில்ல. சாப்புடுறவுக முதுகுக்குப் பின்னாடி எல அள்ள நிக்கிற மாதிரி நிக்கிறாக. பொம்பளையாளுக வெயில்ல காயுது. பந்திக்கு நிக்கிற சனத்த மேல அனுப்பவா? செத்த நேரம் ஃபேனுக்கு அடியில உக்காந்துக்கிடட்டும். நீ பாட்டுக்கு உன் விசேஷத்த நடத்து, தொந்தரவு குடுக்க மாட்டாக.”

நான் தலையாட்டி முடிப்பதற்குள் அவர் திரும்பிக் குரல் கொடுத்துவிட்டார்: “ஏப்பு, எல்லாரும் அந்த மாடிக்குப் போங்க. சேர் கெடக்கு, ஃபேன் ஓடுது.”

அழைப்பிதழ் அடித்துக் கூப்பிட்டும் வராத கூட்டம், ஃபேன் ஓடுது என்றதும் படியேறியது. பட்டுச் சேலை, மல்லிகைப் பூ, கைக்குழந்தை என்று ஹால் நிறைந்தது. அக்கா அதைப் பார்த்தார், கையில் எழுதி வைத்திருந்த கட்டுரையை மடித்துப் பைக்குள் போட்டார், மைக்கைப் பிடித்தார்.

“எல்லாரும் பசியில இருக்கீக. நான் இலக்கியம் பேசல. ஒரு கதை சொல்றேன். ஒருத்திக்குப் புருஷன் ஓடிப்போயிட்டான்.”

ஹால் கப்சிப். வேன் ஓட்டப் பழகியது, முதல் நாள் பூ மூட்டையோடு வாய்க்காலில் இறக்கியது, மார்க்கெட்டில் கமிஷன்காரன் நக்கல் அடித்தது என்று அக்கா சொல்லச் சொல்ல, நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது. முன் வரிசையில் ஒரு அம்மா குழந்தைக்கு விசிறுவதை மறந்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா சாவி கேட்கிற இடத்துக்கு வந்தார். “வாசல்ல நின்னு கைய நீட்டுறான். இவ மடியில இருந்து சாவிய எடுக்குறா...”

வாசலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. “அடுத்த பந்தி. வாங்க, வாங்க.”

சேர்கள் கிறீச்சிட்டன. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஹால் காலி.

அக்கா மைக்கைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். “எனக்கு இதுவரைக்கும் கைதட்டாம போயிருக்காங்க. கை கழுவப் போனது இதுதான் முதல் தடவை.”

நண்பன் சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலிச் சேரோடு வெளியிட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கூட்டம் வந்து, உட்கார்ந்து, கேட்டு, அப்புறம் சாம்பாருக்காக எழுந்து போய்விட்டது என்றால் அது வேறு விதமான அடி. ஆனால் யோசிக்க நேரமில்லை. அடுத்த பந்திக்குக் காத்திருக்கும் கூட்டம் படியேறிக்கொண்டிருந்தது. அக்கா தண்ணீர் குடித்துவிட்டு முதலில் இருந்து ஆரம்பித்தார். “ஒருத்திக்குப் புருஷன் ஓடிப்போயிட்டான்.”

இந்த நேரத்தில்தான் என் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அம்மா வாசலில் நின்று கூட்டத்தைப் பார்த்து அசந்துபோய், “இம்புட்டுப் பேருமா இலக்கியத்துக்கு வந்திருக்காக?” என்று என் காதில் கேட்டார்கள்.

“ஆமாம்மா.”

பக்கத்தில் இருந்தவர், “ஏனுங்க, பாயசம் இருக்குதுங்களா, தீந்து போச்சுங்களா?” என்று அம்மாவிடமே கேட்டார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். அப்புறம், “நெறைய இருக்குங்க” என்று அவருக்குப் பதில் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். என்னைப் பெற்றவர்கள் ஆயிற்றே.

மறுபடியும் கதை சாவிக்கு வந்தது. மறுபடியும் வாசலில் தலை. மறுபடியும் ஹால் காலி. நான் போய் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். இனி யாரும் வரப்போவதில்லை, பந்தியும் முடியப்போகிறது, மிச்சம் இருப்பது அம்மா, அப்பா, நண்பன், மைக் செட்காரர். சரி, வீட்டு ஆட்களை வைத்து வெட்டிவிட்டு மூட்டையைக் கட்டலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

கீழே இருந்து வளையல் சத்தம் கேட்டது. முதலில் வந்து போன கூட்டத்தில் இருந்த பெண்கள், கையில் தாம்பூலப் பை, வாயில் வெற்றிலையோடு மூச்சு வாங்கப் படியேறி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்த கீரனூர்க்கார அம்மா என்னைப் பார்த்ததும் நின்றார்.

“ஏனுங்க தம்பி, அந்தப் புள்ள சாவியக் குடுத்துட்டாளுங்களா?”

சாப்பிட்டு முடித்து, பஸ்ஸில் போய் உட்காராமல், இதைக் கேட்க ரோட்டைக் கடந்து மாடி ஏறி வந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஆட்கள். ஹால் மூன்றாவது முறையாக நிறைந்தது, இந்தத் தடவை ஃபேனுக்காக இல்லை. பசியும் இல்லை, பந்தியும் இல்லை. அக்கா மைக்கை என்னிடம் நீட்டினார். “கேக்குறாங்கள்ல, சொல்லு.”

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, பேட்டிக்கென்று தயார் செய்து வைத்திருந்த வசனத்தை எடுத்து விட்டேன். “நாவல்ல அவ சாவிய கையில வச்சுக்கிட்டு நிக்கிறதோட முடிச்சிருக்கேன். அதுக்கு மேல வாசகர்களோட கற்பனைக்கு விட்டிருக்கேன்.”

பெண் வீட்டுக்கார அம்மா ஒருவர் எழுந்தார். “கற்பன பண்ண எங்களுக்குத் தெரியாதா? அப்ப நீ எதுக்குப்பு எழுதுன?”

ஹாலே சிரித்தது. சத்தமாகச் சிரித்தது என் அம்மாதான். நானும் சிரித்துவிட்டேன், வேறு வழி? அதோடு கூட்டம் ரெண்டாகப் பிரிந்தது.

“தாலி கட்டுனவன் கேட்டா குடுக்கத்தானே வேணும்?” என்றார் ஒருவர்.

“ஓட்டுறது யாரு? அவ. டீசல் போடுறது யாரு? அவ. இவன் கைய மட்டும் நீட்டுவானாக்கும்” என்றார் கீரனூர் அம்மா.

“அடிச்சுப் புடுங்கிட்டா?”

“அதான் வண்டி ஓட்டத் தெரியுமே, ஏறிப் போயிர வேண்டியதுதானே.”

அக்கா ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று நெற்றியில் அடித்துக்கொண்டார். “ஏம்ப்பா, எல்லாம் நடக்குது. புக்க இன்னும் வெளியிடவே இல்லயே.”

உண்மைதான். ரிப்பன் கட்டிய கட்டு அப்படியே மேசை மேல் இருந்தது. முதல் பிரதியை யாரிடம் கொடுப்பது என்று நான் முழித்த நேரத்தில், பெண்ணைப் பெற்றவர் உள்ளே வந்தார். கீரனூர் பஸ் கிளம்பப் போகிறது, ஆட்களைக் காணோம் என்று தேடி வந்தவர். வந்தவர் கண்ணில் ஒரு காலிச் சேர் பட்டது. அப்படியே பொத்தென்று உட்கார்ந்தார். “நேத்து சாயங்காலத்துக்கப்பறம் இப்பத்தான் உக்காருறேன்” என்றார் யாரிடம் என்றில்லாமல்.

என்ன சண்டை என்று கேட்டார். பக்கத்தில் இருந்த பெண்கள் ஆளுக்கு ஒரு பக்கமாக வேனையும் சாவியையும் சொன்னார்கள். துண்டால் முகத்தைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் புத்தகக் கட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். “ஐயா, முதல் பிரதிய நீங்க வாங்கிக்கணும். மேடைக்கு வாங்க.”

“எந்திரிச்சா மறுபடி உக்கார முடியாது தம்பி. இங்கயே குடு.”

அப்படியே நடந்தது. அவர் சேரில் உட்கார்ந்திருக்க, ரிப்பனை வெட்டி, அக்காவும் நானும் குனிந்து நின்று முதல் பிரதியைக் கொடுத்தோம். போட்டோவில் நாங்கள்தான் அவரிடம் ஏதோ வாங்குகிற மாதிரி இருக்கும். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அந்தச் சாவி சமாச்சாரம் முழுசா இதுல இருக்கா?”

“இருக்குங்க.”

“அப்ப இத எம் மகளுக்குக் குடுக்குறேன்.”

எழுந்து, ஆட்களைக் கூட்டிக்கொண்டு கீழே போனார். நானும் பின்னாடியே போனேன். மண்டப வாசலில் டெம்போவில் பீரோ, கட்டில், அண்டா, குத்துவிளக்கு எல்லாம் ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்திருந்த காரின் ஜன்னல் வழியாக அவர் புத்தகத்தை உள்ளே நீட்டினார்.

“இந்தாத்தா. எதிர்த்த மாடித் தம்பி எழுதுனது. போற வழியில வாசி.”

“கழுத்துல மாலையோட எப்படிப்பா வாசிக்கிறது?” என்றது அந்தப் பெண். ஆனாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டது. கார் கிளம்பியது, டெம்போ பின்னால் போனது. அவர் ரோட்டின் நடுவில் துண்டைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றேன்.

அந்தப் பெண் வாசித்ததா, சாவி விஷயத்தில் என்ன முடிவுக்கு வந்தது, எதுவும் எனக்குத் தெரியாது. நான் பெங்களூர் போனேன், வேலையும் பார்க்கிறேன், எழுதுவதையும் விடவில்லை. ஒரு அப்பா தன் மகளுக்குக் கட்டிலோடும் பீரோவோடும் சேர்த்துக் கொடுத்தனுப்பிய சீரில் என் புத்தகமும் ஒன்றாகப் போனது. இன்றைக்கும் ஒரு பக்கத்தை எழுதி முடித்தால், அந்தச் சீர்வரிசையில் வைத்து அனுப்புகிற மாதிரி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.