அக்காவின் சீரில் ஒரு மோட்டார்

விளக்கு வைக்கிற நேரம்... அலமாரியில் கவிழ்த்து வைத்த பித்தளை டம்ளர்கள் தாமாகவே கிணுகிணுவென்று ஆட ஆரம்பிக்கும்.

பேயும் இல்லை, பிசாசும் இல்லை. எங்கள் குவார்ட்டர்ஸுக்குக் கீழே பவர் ஹவுஸில் மெஷினை ஓட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். மேலே அணையிலிருந்து ராட்சதக் குழாயில் தண்ணீர் இறங்கி, மெஷினைச் சுற்றிவிட்டு, பவானி ஆற்றோடு போய்விடும். நீலகிரியில் மின்வாரிய கேம்ப்பில் வளர்ந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் அந்தச் சத்தம் ஞாபகம் இருக்கும்.

அப்பா அங்கே ஆபரேட்டர். ஷிப்ட் இல்லாத நாளில் டம்ளர் ஆடினால் போதும், மனுஷனுக்குத் தலைகால் புரியாது.

"பாரு கண்ணு... இப்பத்தான் கோயமுத்தூர்ல லைட்டு போடறாங்க."

என் அக்கா சரோஜாவை அன்னூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். மழையிலேயே வளர்ந்தவள் போய் விழுந்தது, மேகம் எட்டிக்கூடப் பார்க்காத மேட்டுக்காட்டில். ஒரு கிணறு, இரண்டு மாடு. தோல்பறியை மாடுகள் இழுக்க இழுக்கத் தண்ணீர் மேலே வரும். மாடு களைத்தால் இறைப்பை நிறுத்துவார்கள். அந்த நேரத்தில் கிணறு மறுபடி ஊறிக்கொள்ளும்.

அப்பா போட்ட நகை கொஞ்சம்தான். ஆனால் சீரோடு சீராக, மாலை போட்டு ஒரு கரண்ட் மோட்டாரைக் கொண்டுபோய் இறக்கினார்! அந்தப் பக்கம் அதுதான் முதல் மோட்டார். அக்காவின் மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஏனுங்க சம்பந்தி, மருமக வாயே தொறக்க மாட்டீங்கறா... அவளுக்கும் சேத்து இது கத்துமாட்டம் இருக்குதே!"

ஸ்விட்ச் போட்டதும் குழாயிலிருந்து தண்ணீர் பாய்ந்தது பாருங்கள்... அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலுக்குள்ளேயே இறங்கி நின்றுவிட்டார்.

"நம்ம மலைத் தண்ணிதான் சரோசா... கம்பியில ஏறி உன்ற ஊட்டுக்கே வந்துருச்சு!"

அக்கா சந்தோஷத்தில் அழுதாள். பாவாடை நனைய நானும் பக்கத்தில் நின்று குதித்தேன்.

அப்புறம் மஞ்சள் போட்டார்கள். தென்னை வைத்தார்கள். இனி எதற்கு என்று மாடுகளை விற்றார்கள். பக்கத்துக் காட்டுக்காரர் சும்மா இருப்பாரா? அவரும் மோட்டார் வாங்கினார். அவரைப் பார்த்து அடுத்தவர். மாடாவது களைக்கும், மோட்டாருக்கு என்ன களைப்பு? கிணறுகளுக்கு ஊற நேரமே கிடைக்கவில்லை. கிணறு வற்றியது, போர் போட்டார்கள். பக்கத்துக்காரர் அதைவிட ஆழமாகப் போட்டார். கரண்ட் இலவசம் ஆன பிறகு கேட்கவே வேண்டாம்.

அந்தச் சமயம் ஒருநாள் இரண்டு ஆபீஸிலிருந்து இரண்டு பேர் ஊருக்கு வந்திருக்கிறார்கள். தண்ணீர் ஆபீஸ்காரர், "இனிமே இங்க போர் போடாதீங்க" என்றாராம். கரண்ட் ஆபீஸ்காரர், "புது கனெக்‌ஷன் வேணுங்கறவங்க சொல்லுங்க" என்றாராம். அக்கா வீட்டுக்காரர், என் மாமா, நேராகவே கேட்டுவிட்டார்.

"ஏனுங்க, ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுலதான வந்தீங்க... வழியில ஒரு வார்த்தை பேசிக்கலீங்களா?"

இரண்டு பேரும் மோரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்களாம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. அந்த வறண்ட மண்ணில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, அதற்கு எவ்வளவு கரண்ட் கொடுத்தால் தாங்கும் என்று இரண்டையும் சேர்த்து வைத்து யோசிக்க ஒரு நாதி இல்லை.

தென்னைகள் மட்டை தொங்கி, கடைசியில் மொட்டை மொட்டையாய் நின்றன. போர் போட்டுப் போட்டு ஏறிய கடனுக்குப் பாதிக் காடு கைவிட்டுப் போயிருந்தது.

அந்த வருஷம் தீபாவளிக்கு வந்த அக்கா, வாசல் குழாயைத் திறந்து கையை நீட்டியபடி உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்கவே இல்லை. அப்பா மெதுவாகக் கேட்டார்.

"தோட்டம் எப்படிம்மா இருக்குது?"

"கரண்ட் நல்லா வருதுங்கப்பா... தண்ணிதான் வர்றதில்லீங்க."

அன்று சாயங்காலமும் டம்ளர்கள் ஆடின. அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்து, டம்ளர்களுக்கு அடியில் விரித்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்கவில்லை.

அப்பா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. நான் இப்போது குன்னூரில் இருக்கிறேன். கோடை வந்தால் இந்த மலையிலேயே குடத்தை வைத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடக்கிறோம்... யாரிடம் போய்ச் சொல்ல?

அக்கா இன்னும் அங்கேதான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்தப் பழைய மோட்டாரைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கிறாள். இந்த வருஷம் போனில் எரிந்து விழுந்தேன்.

"அந்தப் பாழாப்போன இரும்புக்குப் பொட்டு ஒண்ணுதான் கேடாக்கா?"

"அப்பா குடுத்ததுடி..."

பிறகு அவளே சொன்னாள்.

"குடிக்கறதுக்கு லாரித் தண்ணிதான் தேவி. எங்கிருந்து வருதுன்னு டிரைவர்கிட்ட கேட்டேன். பவானியாத்துத் தண்ணியாம்... அப்படீன்னா அப்பா மெஷின்ல சுத்திட்டு வர்ற தண்ணிதான அது?"

"ஆமாக்கா" என்றேன்.

அப்பா இதைக் கேட்காமல் போய்ச் சேர்ந்தாரே, அந்த மட்டும் புண்ணியம்.